ஆவாரை நிற்கும் நிலம்

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆவாரஞ்செடி பூத்து நிற்கும் ஊரில் நோயால் மடிபவரும் இருப்பரோ என்று அது வினவுகிறது. இப்பழமொழியைக் கேட்டறியாத தமிழர் சிலரே. ஆயினும், மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ பிறந்து வளர்ந்த நம் இளைஞர் ஒருவரை நோக்கி, அந்த ஆவாரை எப்படி இருக்கும், எத்தகைய நிலத்தில் வளரும் என்று கேட்டால், அவர் விடை கூறத் தயங்குவார். மருந்துச் சரக்குக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பொடி ஒன்றே அவர் அறிந்த ஆவாரையாக இருக்கும். ஆவாரை எத்தகைய செடி, அது நமக்கு என்னென்ன தந்தது, அது நிற்கும் நிலத்தின் இன்றைய நிலை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இம்மூன்றனுள்ளும் கடைசி வினாவே இன்று முதன்மையானது.

மலைக்கு மேற்கும் கிழக்கும்

ஆவாரையை நன்கு அறிய வேண்டுமாயின், முதலில் அது இல்லாத ஓர் இடத்தைக் காண்பது நலம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில், விதுரைக்கு அப்பால், கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூருக்குப் பெயர் தந்த கல்லாறு, வழுவழுப்பான உருண்டைப் பாறைகளின் இடையே தெளிந்தோடி, வாமனபுரம் ஆற்றோடு கலப்பது. அங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்துவந்து இம்மலைகளின் மேற்கு முகத்தில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகிறது. உயர்ந்த சரிவுகளில் ஓராண்டில் பெய்யும் மழை 3,000 மில்லிமீட்டரைக் கடந்துவிடும். நெடிய மரங்களும் கொடிகளும் பாசி படர்ந்த பாறைகளும் நிறைந்த அந்த ஈரக் காட்டில் ஆவாரைக்கு இடமில்லை. வெயில் நிலத்தைத் தொடாத இடத்தில் அது வாழாது.

கல்லாறு மூலிகைச் செல்வத்துக்குப் பெயர்பெற்ற ஊர். காணிப் பழங்குடியைச் சேர்ந்த மருத்துவ மூதாட்டி லட்சுமிக்குட்டி அவ்வூர்க் காட்டில் வாழ்பவர். நாட்டு மருத்துவத் தொண்டுக்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே வட்டாரத்தில் உள்ள பாலோடு என்னும் ஊரில், 1979-இல் தொடங்கப்பெற்ற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் ஆராய்ச்சி நிலையமும் இயங்கிவருகின்றன. இம்மலைத்தொடரின் தலைமலையான அகத்தியமலையைச் சூழ்ந்த உயிர்க்கோளக் காப்பகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவ்வாறு ஈரக் காட்டின் அருமையை அரசும் அறிஞரும் பொதுமக்களும் ஒருங்கே உணர்ந்திருக்கின்றனர். அது மிகவும் நன்று.

இனி, அதே மலையின் கிழக்குப் புறத்துக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் வழியாகத் திருநெல்வேலிக்கு ரயிலில் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது ஒரு மாறுதலைக் காண்பர். தென்னையும் வாழையும் நெல்வயலும் பின்தங்கிவிட, காற்றும் வெயிலும் தடையின்றி உலாவும் செம்மண் வெளி விரிகிறது. வள்ளியூர், நாங்குநேரி எனத் தொடரும் அந்நிலம் மலையின் மழைமறைவில் கிடப்பது. மேற்கே தன் நீரையெல்லாம் கொட்டித் தீர்த்த காற்று, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது வெப்பமுற்று வறண்டுவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே அச்சீமைக்குப் பெரும்பான்மை மழையைத் தருகிறது. அதனையும் சேர்த்து, கிழக்குச் சமவெளியின் ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும். பனையும் உடையும் விரலியும் கள்ளியும் நிற்கும் அந்த நிலத்தில், பாதையோரத்திலும் பாறைச் சரிவிலும் குளக்கரை மேட்டிலும் பொன்னை இறைத்தாற்போல் பூத்து நிற்பது ஆவாரை. ஒரே மலைத்தொடரின் ஒரு முகம் ஈரக்காடு, மறுமுகம் ஆவாரங்காடு. இரண்டும் இயற்கையின் முழுமையான படைப்புகளே.

செடியின் தோற்றம்

ஆவாரை, ஆள் உயரம் அல்லது அதற்குச் சற்று மேலாக வளர்ந்து, அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரியும் புதர்ச்செடி. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடையில் சுற்றியுள்ள புல்லெல்லாம் கருகிய பின்னும் இது பசுமை மாறாது நிற்கும். ஆழச் சென்று ஈரத்தைத் தேடும் வேரும், வெப்பத்தைத் தாங்கும் சிறிய இலைகளும் இதற்குத் துணை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும்.

ஆவாரையை மற்றச் செடிகளினின்றும் பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உள. முதலாவது, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போன்று அகன்று நிற்கும் இலையடிச் செதில். தாவரவியலார் இதற்கு இட்ட லத்தீன் பெயரான 'ஆரிகுலாட்டா' என்பதன் பொருளே 'காதுடையது' என்பதாகும். 1753-இல் லின்னேயஸ் இதனைக் 'காசியா ஆரிகுலாட்டா' என்று பெயரிட்டார். இக்கால அறிஞர் 'சென்னா ஆரிகுலாட்டா' என்பர். இரண்டாவது அடையாளம், இணை இணையாக அமைந்த சிற்றிலைகள். எட்டு முதல் பன்னிரண்டு இணைகள் வரை இருக்கும். நுனியில் தனிச் சிற்றிலை இராது. ஒவ்வோர் இணைக்கும் இடையே காம்பின்மீது நுண்ணிய சுரப்பி ஒன்று நிற்கும். மூன்றாவது, காய். அது தட்டையாகவும் காகிதம்போல் மெல்லியதாகவும் இருந்து, முற்றியபின் வெளிர்பழுப்பு நிறம் பெறும். உள்ளே விதை இருக்குமிடம் புறத்தே தெரியும்.

பூ ஐந்து இதழ்களையுடையது; நல்ல மஞ்சள் நிறம். இப்பூவில் தேன் இல்லை. மகரந்தமே வண்டுக்குக் கூலி. அம்மகரந்தமும் எளிதில் உதிராது. மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகவே அது வெளிப்பட வேண்டும். கரிய பெரிய தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்து ரீங்கரிக்கும்போது, அந்த அதிர்ச்சியால் பொடி உப்புக்குலுக்கியிலிருந்து உதிர்வதுபோல் உதிர்கிறது. ஆவாரம் புதரின் அருகே நின்று செவிகொடுத்தால் இவ்வொலியைக் கேட்கலாம். மஞ்சள் நிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகள் பல, இச்செடியின் இலையில் முட்டையிட்டுத் தம் புழுக்களை வளர்க்கின்றன.

பெயரால் மயங்குதலும் உண்டு. பொன்னாவிரை வேறு; தகரை வேறு; சாலையோரங்களில் நிழலுக்காக நடப்படும் மஞ்சள் கொன்றை வேறு. நிலாவாரை, அல்லது நிலவாகை, என்பது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் பயிராகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பேதி மருந்துச் செடி. ஆவாரை என்று எண்ணி நிலாவாரையை நாள்தோறும் அருந்தினால் குடல் துன்புறும். ஆதலால் கடையில் வாங்குவோர் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேட்டல் வேண்டும்.

வேற்றூரில் வேறு பெயர்

பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி: ஆவாரை உங்களுக்கு முன்பே அங்கே குடியிருக்கிறது. தெலுங்கில் இதற்குத் 'தங்கேடு' என்று பெயர். 2014-இல் புதிய தெலங்கானா மாநிலம் அமைந்தபோது இப்பூவே மாநில மலராக அறிவிக்கப்பட்டது. மகாளய அமாவாசை நாளில் தொடங்கி ஒன்பது நாள் நடைபெறும் பதுகம்மா விழாவில், தங்கேட்டுப் பூவையும் பண்ணைப் பூவையும் தட்டிலே கோபுரம்போல் அடுக்கி, பெண்கள் சுற்றிநின்று கைகொட்டிப் பாடி, இறுதியில் நீர்நிலையில் விடுவர். ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அவ்விழாவில் காணும் மஞ்சள் பூ, தம் தாத்தா பாட்டி ஊரில் கண்ட ஆவாரம்பூவே.

கன்னடத்தில் 'தங்கடி' என்றும் 'ஆவரிகே' என்றும் வழங்குவர். மராத்தியில் 'தர்வட்', குஜராத்தியில் 'ஆவள்', ராஜஸ்தானத்தின் பாலி, ஜோத்பூர்ப் பகுதிகளில் 'ஆன்வல்', இலங்கையில் சிங்களவர் 'ரணவரா' என்று கூறி, அதனைக் கொதிக்கவைத்துத் தேநீர்போல் பருகுவர். கேரளத்தில் 'ஆவீரம்' என்று பெயர் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் போன்ற வறண்ட பகுதிகளே அங்கு அதற்கு ஏற்ற இடம். பெயர்களை ஒப்புநோக்கினால், மொழி மாறினும் மக்கள் இச்செடியை நெருங்கிப் பழகியது புலனாகும். யாருக்கும் பயன்படாத செடிக்கு இத்தனை பெயர்கள் அமைவதில்லை.

பாட்டிலும் வீட்டிலும்

சங்க நூல்களில் இதன் பெயர் ஆவிரை. குறிஞ்சிப்பாட்டில் தோழியர் குவிக்கும் மலர்களின் நீண்ட வரிசையில் ஆவிரையும் இடம்பெறுகிறது. மடலேறுதல் என்னும் பழைய வழக்கத்திலும் அதற்குப் பங்குண்டு. விரும்பிய பெண்ணை அடைய இயலாத இளைஞன், பனைமடலால் குதிரை செய்து, ஆவிரையும் எருக்கும் சூடி, ஊர் நடுவே வந்து தன் துயரைப் பலரறியச் செய்வான் என்று அகப்பாடல்கள் கூறும். தோட்டத்தில் வளர்த்துத் தலைவியர் சூடும் மல்லிகையும் முல்லையும் அங்கு வரவில்லை. கேட்பாரற்று நிற்பவன், கேட்பாரற்று நிற்கும் செடியின் பூவைச் சூடினான் என்பது கருதத்தக்கது.

இன்றும் கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் வட்டாரங்களில் பொங்கலுக்கு முந்திய போகி நாளில் காப்புக் கட்டுவர். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டுக் கூரையின் இறவாரத்திலும், மாட்டுத் தொழுவத்திலும், வயலிலும் செருகுவது வழக்கம். காப்புக்கு எடுத்துக்கொண்ட மூன்றனுள் எதனையும் எவரும் விதைத்து நீர் பாய்ச்சி வளர்ப்பதில்லை. பொது நிலத்தில் தாமாக நிற்கும் தாவரங்கள் ஊர்முழுமைக்கும் காவலாக அமைகின்றன. உழவர் ஆவாரந்தழையை வெட்டி நெல்வயலில் மிதித்து உரமாக்கினர். இளங்குச்சியால் பல் துலக்கினர். நகரங்களில் இப்போது காப்புக் கட்டு விலைக்கு விற்கப்படுகிறது.

பட்டையும் தோலும்

ஆவாரையின் பெரும்பயன் அதன் பட்டையில் இருந்தது. இதனை ஆங்கிலேயர் 'தோல் பதனிடுவோர் செடி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பச்சைத்தோல் சில நாட்களில் அழுகிவிடும். பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் இழைகளோடு பிணைந்து, நீரை வெளியேற்றி, அழுகல் பிடிக்காத பதத்தை அளிக்கும். இதுவே பதனிடுதலின் அடிப்படை. ஆவாரம் பட்டையில் அத்துவர்ப்புச் சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு உண்டு. அதனால் பதனிட்ட தோல் வெளிர்நிறமும் மென்மையும் கொண்டு விளங்கும். வெயில் பட்டால் சிவக்கும் குறை ஒன்று இருந்தமையால், கடைசியில் கடுக்காய் நீரில் ஊறவைத்து அக்குறையைப் போக்கினர்.

சென்னையை அடுத்த பல்லாவரம், பாலாற்றங்கரையில் உள்ள ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, மற்றும் பேரணாம்பட்டு, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு முதலிய ஊர்களில் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. இங்கிருந்து கப்பலேறிய தோல், லண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற தனிப்பெயர் பெற்றது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸுகளுக்காக அரசு இத்தோலைப் பெருமளவில் வாங்கியது. அந்த வாணிகத்தின் அடியில், கரட்டு நிலங்களில் குச்சி வெட்டிப் பட்டை உரித்து, உலர்த்தி, கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து விற்ற ஏழை மக்களின் உழைப்பு இருந்தது. அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. ஊர்ப் பொது நிலத்தில் நின்ற ஆவாரையே அவர்களுடைய வயல். மழை பொய்த்து வயற்காட்டு வேலை இல்லாத காலத்திலும் அச்செடி கூலி கொடுத்தது. குச்சியை வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்த்ததால், அடுத்த முறைக்கும் அது நின்றது.

பின்னர் மாற்றங்கள் வந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான வாட்டில் மரப்பட்டை துவர்ப்பு மிகுந்தது. ஆதலால் மெல்ல மெல்ல ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. நிறவெறிக் கொள்கையை எதிர்த்து 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை நிறுத்திக்கொண்டது. பட்டையை உள்நாட்டிலேயே பெறவேண்டும் என்ற நோக்கம் வலுப்பெற, நீலகிரியிலும் பழனிமலையிலும் இருந்த பரந்த புல்வெளிகளில் வாட்டில் மரங்கள் நடப்பட்டன. மரம் இல்லாமையால் அப்புல்வெளிகளைப் பயனற்ற நிலமென்று கருதினர். மழைநீரை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விடும் பணியை அவை செய்துவந்தன என்பது பிற்பாடே பலருக்கும் புலனாயிற்று. இன்று அதே மரங்கள் கட்டுக்கு அடங்காமல் பரவி, அவற்றை அகற்றும் பணிக்கு அரசு பொருள் செலவிட வேண்டியதாயிற்று. ஊடுருவும் அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வகுத்தது.

மற்றொரு மாற்றம் குரோமிய உப்பால் பதனிடும் முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அறிமுகமான அம்முறையை ஒட்டியே, குரோம் லெதர் கம்பெனி அமைந்த இடம் குரோம்பேட்டை எனப் பெயர் பெற்றது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1970-களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையான தோற்பொருள்களின் ஏற்றுமதியை ஊக்குவித்தபின் குரோமிய முறை பெருகிற்று. பல்லாயிரம் பேர் வேலை பெற்றனர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. ஆனால் கழிவுநீர் பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்னும் கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு உறுதிசெய்தது. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் விரிவான ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது.

ஆவாரைக்குத் திரும்பினால் எல்லாக் குறையும் தீரும் என்பது இதன் கருத்தன்று. பட்டை முறையிலும் உப்பும் சுண்ணாம்பும் கழிவும் உண்டு. இன்றைய தேவை முழுவதையும் ஆவாரையால் ஈடுசெய்யவும் இயலாது. நாம் கருதவேண்டியது வேறு. பட்டை விலைபோன காலத்தில் ஆவாரங்காட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. விலை போனபின், செடியோடு நிலமும் மதிப்பிழந்தது.

மருந்தும் எச்சரிக்கையும்

சித்த மருத்துவர் ஆவாரையின் இலை, பூ, விதை, பட்டை, வேர் ஆகிய ஐந்தையும் சேர்த்து ஆவாரைப் பஞ்சாங்கம் என்பர். ஆவாரைக் குடிநீர் என்னும் கூட்டு மருந்து நீரிழிவுக்கு வழங்கப்படுகிறது. பூவின் சாறு சர்க்கரையைக் குறைப்பதை எலிகளில் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. எலியில் கண்ட பயன் மனிதருக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று கொள்வதற்கில்லை. ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய ஆவாரம்பூப் பொடியை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிடுதல் உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையோடு இதனையும் மிகுதியாக அருந்தினால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடவும் கூடும். ஆதலின் தகுதிபெற்ற மருத்துவரிடம் கூறிய பின்னரே உட்கொள்ள வேண்டும். பழமொழி செடியின் பெருமையைக் கூறுகிறதேயன்றி, மருத்துவரை விலக்கச் சொல்லவில்லை.

'பாழ்' என்னும் சொல்

இனி முதன்மையான பொருளுக்கு வருவோம். அரசாங்க ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் பணியில் உள்ளோர்க்கு, 'வேஸ்ட்லேண்ட்' என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படுவது. தமிழில் அதனைத் 'தரிசு நிலம்' என்றும் 'பாழ்நிலம்' என்றும் எழுதுகிறோம். இச்சொற்கள் ஒன்றல்ல. தரிசு என்பது உழவன் இவ்வாண்டு பயிரிடாமல் விட்ட நிலத்தையும் குறிக்கும். பாழ் என்பதோ அழிந்ததையும் ஒன்றுமற்றதையும் குறிக்கும். வரி வருமானத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்த ஆங்கிலேய ஆட்சியில், தீர்வை செலுத்தாத நிலமெல்லாம் 'வேஸ்ட்' என்று கணக்கில் ஏறிற்று. அவ்வாறே, தீர்வைக் கணக்கின் புறத்தே நின்ற மேய்ச்சல் நிலத்தையும் மந்தைவெளியையும் குறித்த 'புறம்போக்கு' என்ற சொல், நாளடைவில் மனிதரை இகழும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது.

அந்த அளவுகோல் முற்றிலும் மறையவில்லை. மத்திய அரசின் நிலவளத் துறை 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் பாழ்நிலப் படத்தொகுதியில், புதர் அடர்ந்த நிலமும் புதர் சிதறிய நிலமும் தனித்தனி வகைகளாக இடம்பெறுகின்றன. 2019-இல் வெளிவந்த பதிப்பின்படி, நாட்டின் பாழ்நிலம் ஏறக்குறைய 5.6 கோடி ஹெக்டேர். அதாவது மொத்தப் பரப்பில் நூற்றுக்குப் பதினேழு பங்கு. உண்மையிலேயே கெட்டுப்போன நிலமும் அதில் உண்டு. உவரும் மண்ணரிப்பும் சுரங்கக் குழிகளும் அவ்வகையின. ஆனால் இயற்கையாகவே வறண்டு, ஆவாரையும் விரலியும் சூரையும் கொண்டு விளங்கும் நிலமும் அதே தலைப்பின்கீழ் வந்துவிடுகிறது. பாழ் என்று பெயரிட்ட பிறகு, அதனைத் தோண்டுவதற்கும் வேலியிடுவதற்கும் மனை பிரிப்பதற்கும் எவருக்கும் மனம் கூசுவதில்லை. நல்லெண்ணத்தோடு மரம் நட முனைவோர்கூட, நின்ற புதரைப் பிடுங்கிவிட்டுக் குழி வெட்டுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் மற்றொரு புறம் சூழ்ந்துகொள்கிறது.

புதர்க்காடு வெறுமையானதன்று என்பதற்கு, நாம் முன்பு கண்ட மலைமறைவுச் சீமையிலேயே சான்று உண்டு. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள வல்லநாட்டுக் குன்றில், 1987-இல் வெளிமான் சரணாலயம் அமைக்கப்பட்டது. பரப்பு 16 சதுர கிலோமீட்டர் அளவே. முட்புதர் நிறைந்த அக்குன்றே, இயற்கையாக வாழும் வெளிமான்களுக்கு இந்தியாவின் தென்கோடி இருப்பிடம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்துள்ள கடவூர் வறண்ட காடு, தேவாங்குகளுக்கான நாட்டின் முதல் சரணாலயமாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 11,806 ஹெக்டேர். அதே ஆண்டில் மதுரையை அடுத்த அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. மொட்டைப் பாறைகளும் சுனைகளும் குளங்களும் புதர்களும் கொண்ட ஊர் அது. அப்பகுதியை உட்கொண்ட நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க 2024-இல் ஏலம் நடந்தபோது, ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அம்மக்கள் தம் கரட்டைப் பாழ் என்று கருதியிருந்தால், எதிர்த்து நின்றிருக்கமாட்டார்கள்.

சரணாலயம் என்ற பெயரைப் பெறும் இடங்கள் சில. பெயர் பெறாத ஆவாரங்காடுகள் ஒவ்வோர் ஊரின் எல்லையிலும் உள. கவுதாரியும் காடையும் முயலும் உடும்பும் அங்கே வாழ்கின்றன. ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் பூப்பறித்து விற்பவரும் அங்கே பிழைக்கின்றனர். மழைத்துளி மண்ணை அரித்துக் குளத்தைத் தூர்க்காதவாறு வேரால் பிடித்துநிற்பதும் அப்புதரே. கல்லாற்றுக் காட்டை ஒருவர் வெட்டினால் நாடே கண்டிக்கும். ஆவாரங்காட்டை வெட்டினால், நிலத்தைச் சுத்தம் செய்தார் என்று பாராட்டப்படுவார். நம் சிந்தனை மாற வேண்டிய இடம் இதுவே.

நாம் செய்யத்தக்கவை

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் இருப்பவர் இதற்கு என்ன செய்ய இயலும் என்று எண்ணலாம். சொந்த ஊரில் நிலமுடையோர் நம்மில் பலர். அதனை விற்கும்போதும், வேலியிடும்போதும், எந்திரத்தால் சமன்செய்யும்போதும், அங்கு நிற்பது என்ன என்று ஒருமுறை கேட்டறிதல் நலம். ஓரத்தில் நிற்கும் ஆவாரையை விட்டுவைத்தால் நிலத்துக்கு ஒரு குறைவும் நேராது. ஊர் மேய்ச்சல் நிலத்தைப் பிறிதொன்றுக்கு மாற்றும் பேச்சு எழுந்தால், கிராமசபையில் கருத்துரைக்கும்படி உறவினரை வேண்டலாம். பொங்கலுக்குப் பூப்பறிப்போர், ஒரு செடியை முழுவதும் மொட்டையாக்காமல், விதைக்குச் சில கொத்துகளை விட்டுவைக்க வேண்டும்.

வெயில் நன்கு படும் மாடியோ முற்றமோ இருப்பின், ஆவாரையைப் பெரிய தொட்டியில் வளர்க்கவும் இயலும். விதையின் தோல் கடினமானது. ஆதலால் கொதித்து இறக்கிய நீரில் விதையை இட்டு, ஓரிரவு ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றுக. நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், உரம் வேண்டுவதில்லை. மிகுந்த நீரே இதற்குப் பகை. பூத்தபின், அண்டை வீட்டாரிடம் அவர்கள் மொழியில் இதன் பெயரைக் கேளுங்கள். தங்கேடு என்றோ தர்வட் என்றோ அவர்கள் கூறும்போது, நாம் விட்டுவந்த வறண்ட நிலம் அவர்களுக்கும் உண்டு என்பது விளங்கும். பிள்ளைகளுக்கு ஆவாரையைக் காட்டும்போது, அது மலர்ந்து நிற்கும் கரட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த நிலத்தைப் பாழ் என்று எழுத அவர்கள் கை தயங்கும்.